வரக்கூடாத தண்ணீர்

விடிகாலை ஆறு மணிக்குப்
பனி தள்ளும் வண்டியை நகராட்சிக் கொட்டகையில் விட்டுவிட்டு
ரைலி வீடு திரும்புவாள்.
தண்டர் பே நகரத்தின் பதினேழு தெருக்களும்
அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும்.
நேரே குளியலறை.
கைப்பிடியை இடப்பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டுக்
காத்திருப்பாள்.

வரும்.
சூடென்று சொல்லவும் முடியாது, குளிரென்று திட்டவும் முடியாது.
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன காபி.

டிசம்பரிலிருந்து இதே கதை.
குளியல் என்பது இப்போது
பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணும் தொண்ணூறு வினாடி.

டொமினிக் சும்மா இருக்கவில்லை.
ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தான்.
பிறகு புதிதே வாங்கினான்.
ஹீட்டரின் அளவைக் கூட்டினான், இன்னும் கூட்டினான்,
சமையலறைக் குழாயில் விரல் சுட்டதுதான் மிச்சம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரின் அடிவயிற்றைத் திறந்து
வண்டல் வரும் வண்டல் வரும் என்று
வாளி வாளியாய்ப் பிடித்தான்.
ஏரித் தண்ணீர், பளிங்கு மாதிரி.
ஒரு கைப்பிடி மணல்கூட இல்லை.

கடைசியில் ஹால்யா பாரிலியுக் வந்தாள்,
கிழிந்த முழங்கால் உறையும்
காதில் செருகிய பென்சிலுமாக.
"சமையலறையில்?"
"கொதிக்கிறது."
"மாடியில் மட்டும்?"
"மாடியில் மட்டும்."

ஷவர் கைப்பிடிக்குள் பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் வளையம்,
சூட்டுக்குப் போட்ட வேலி.
வேலி திறந்துதான் இருந்தது.
கார்ட்ரிட்ஜை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
அதன்மேல் குற்றமில்லை.

பிறகு அடித்தளத்துக்கு இறங்கி
ஹீட்டருக்குப் போகும் வால்வை இறுக மூடினாள்.
"இனி வெந்நீர்க் குழாயில்
ஒரு சொட்டு வரக்கூடாது. போய்ப் பார்."

ரைலி வாஷ்பேசினில் திறந்தாள்.
ஒரு இருமல். ஒரு இடைவெளி.
பிறகு வந்தது.
ஆளில்லாத வீட்டிலிருந்து பதில் வருவதுபோல்
வந்துகொண்டே இருந்தது,
சுப்பீரியர் ஏரியின் மூன்று டிகிரியோடு.

தமிழில் சுடுதண்ணீர் என்று ஒரு சொல் உண்டு.
தண் என்றாலே குளிர்ச்சி.
சூட்டையும் குளிரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டு
நாம் பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருக்கிறோம்.
ஹால்யாவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் டார்ச்சும் கையுமாக அவள் தேடியது
அந்தச் சொல் ஒட்டியிருக்கும் இடத்தைத்தான்.

சலவைத்தொட்டிக்கு மேலே இருந்தது.
ஒரே மூக்கில் முடியும் இரண்டு குழாய்கள்,
இரண்டும் முழுக்கத் திறந்தபடி.
மூக்கில் ஒரு பச்சை ஹோஸ்,
சுருட்டி வைத்தது,
நுனியில் விசைபோட்டு மூடிய வாய்.
வெளியேற வழியில்லாத குளிர்நீர்
பக்கத்து வீட்டுக்குள் நுழைவதுபோல் வெந்நீர்க் குழாய்க்குள் நுழைந்து
இரண்டு மாதமாக மாடியேறிக்கொண்டிருந்தது.

"ஹோஸ் எதற்கு?"

ரைலி ஜன்னலைக் காட்டினாள்.
பின்கட்டில் பலகை அடைத்த ஒரு சதுரம் ஐஸ்.
ஒன்பது வயது எமெட் ஹாக்கி மட்டையோடு
விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான்.
தினமும் இரவு பத்து மணிக்கு டொமினிக் அதற்கு நீர் ஊற்றுவான்.
வெந்நீர் கலந்தால்தான் ஐஸ் கண்ணாடியாகும் என்பது அவன் கட்சி.
ஊற்றி முடித்து, வாயை மூடி, ஹோஸ் உறைந்துவிடாமல்
உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போவான்.
குழாய்களை யார் நினைக்கிறார்கள்.

"எந்தத் தேதியில் ஆரம்பித்தான்?" என்றாள் ஹால்யா.
ரைலி விரல் மடக்கி எண்ணினாள்.
பாதியில் நிறுத்திவிட்டாள்.

இரண்டு கைப்பிடி, ஐந்து வினாடி.
ரசீதில் உதிரிபாகம்: இல்லை.
வேலை: ஒரு மணி நேரம்.
டொமினிக் அதை இரண்டு முறை படித்தான்,
பூட்ஸிலிருந்து பனி சொட்டச் சொட்ட.

மாடியில் ஷவர் திறக்கும் சத்தம்.
அப்புறம் ஒரு அலறல்: "சுடுது!"
ஹீட்டரைக் குறைக்க அவன் ஓடினான்.
"கொஞ்சமாய்க் குறை!" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.
"கொஞ்சமாய்!"

அன்றிரவு வேலைக்குக் கிளம்புமுன்
இன்னொரு முறை குளித்தாள், தேவையே இல்லாமல்,
கண்ணாடியில் தன் முகம் மறையும்வரை.
பத்து மணிக்கு டொமினிக் ஹோஸை எடுத்தபோது
வெந்நீர் மிச்சமில்லை.
பச்சைத் தண்ணீரையே ஊற்றினான்.

காலையில் ஐஸ் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறது என்று
எமெட் சொன்னான்.
ரைலி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.