கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை

இக்கிட்டோஸில் விடிவதற்குள் குழாய் இருமும்.
ஒரு மணி நேரம் ஒழுகிவிட்டு ஓய்ந்துவிடும்.
ஆகவே எல்லாரும் பிடித்துவைக்கிறார்கள்:
பீப்பாய், வாளி, பெயின்ட் டப்பா,
கைப்பிடி போன குக்கர்.
தகரக் கூரையின் விளிம்பில்
பாதியாய்ப் பிளந்த குழாயைக் கட்டி
மழையையும் பிடித்துவைக்கிறார்கள்.

பிடித்துவைத்ததைத் தேடிப் போகிறவள் நான்.
டார்ச், கண்ணாடிக் குழல், மருந்துப் பொட்டலம்.
நாளைக்கு முப்பது வீடு.
கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில்
தேதி, எண்ணிக்கை, கையெழுத்து: நெலிடா தாபுயிமா.
என் சட்டையின் நிறம்
தெரு நாய்கள் எல்லாவற்றுக்கும் தெரியும்.

அடெல்மிரா இசுயிசா ஏழு வீட்டுத் துணி துவைக்கிறாள்.
அவள் பீப்பாயில் வெளிச்சம் அடித்தேன்.
சீரகத்துக்கு உயிர் வந்ததுபோல்
நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.
மருந்து அன்று தீர்ந்திருந்தது;
செவ்வாய்க்கிழமைப் படகு இன்னும் வரவில்லை.
"கொட்டிவிடுங்கள், சென்யோரா."
ஈரக் கையை இடுப்பில் ஊன்றிக் கேட்டாள்:
"கொட்டலாம். நிரப்ப யார் வருவது?
உன் அட்டையா?"

மக்களிடம் சொல்ல வேண்டியவை என்று
பயிற்சியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எட்டு வரி.
நான் எதையும் சொல்லவில்லை.
குவிந்து கிடந்த துணியைப் பார்த்தேன்:
ஹோட்டல் விரிப்புகள்,
மருத்துவ மாணவன் ஒருவனின் வெள்ளைக் கோட்டு,
காலருக்கு மட்டும் சோப்புப் போட்டு வைத்த பள்ளிச் சட்டை.
"புழு இல்லை" என்று எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கொசு அதிக தூரம் போகாது.
நூறு மீட்டருக்குள் அதன் உலகம் முடிந்துவிடும்.
மிச்ச தூரமெல்லாம் நாங்கள்தான் சுமக்கிறோம்.
மோட்டார் ரிக்‌ஷா ஓட்டும் எலியோத்
எங்கிருந்தோ ஏற்றி வந்தான் அதை, கூலியில்லாமல்.
கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிறார்கள் என்று
அடெல்மிரா வீட்டுச் சுவரோரம்
பட்டப்பகலில் படுத்துக் கிடந்தான்.
பிறகு அந்தத் தெரு வெங்காய வியாபாரி
யூரிமாகுவாஸுக்குப் படகேறினான்.
மூன்று நாள் தூளியில் ஆடிப் போய்
இறங்கும்போது இரண்டு மூட்டை,
ஒரு காய்ச்சல்.

மூன்று வாரம் கழித்து எதிர்வீட்டு யெஸ்மினா.
ஒன்பது வயது.
நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது.
காய்ச்சல் விட்டதென்று அவள் அம்மா
வீடு வீடாய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.
குளிரும் நாளில்தான் கண்விழிக்க வேண்டும் என்பது
அந்தத் தாளில் ஏழாவது வரி.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். பச்சை வலைக்குள் கிடந்தாள்.
ஈறில் ரத்தம்; வயிற்றைத் தொட்டால் முனகல்.
அந்த வலை அவளைக் கொசுவிடமிருந்து காக்க அல்ல.
கொசுவை அவளிடமிருந்து காக்க.
தட்டணு இருபத்திரண்டாயிரம் என்றாள் நர்ஸ்.
மாலையில் பத்தொன்பது.
மறுநாள் எண்ணைச் சொல்லாமல் போனாள்.
அதற்கும் அடுத்த நாள் முப்பத்தொன்று.
யெஸ்மினா தர்பூசணி கேட்டாள்.
அடுத்த கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
அங்கே இருந்தது யார் என்று
நான் கேட்கவில்லை.

மருந்தோடு மறுபடி போனேன்.
பீப்பாயின் வாயில் பழைய விரிப்பொன்றை இழுத்து
சைக்கிள் டியூபால் இறுக்கியிருந்தாள் அடெல்மிரா.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
"எழுது" என்றாள், அட்டையைத் திருப்பிக் காட்டி.
மேல்வரியில் என் எழுத்து, கொஞ்சமும் மங்காமல்.
அடித்துவிட நினைத்தேன்.
பேனாவை எடுத்து
அதற்குக் கீழே தேதி போட்டேன்.

காலை நாலே முக்கால்.
என் வீட்டுக் குழாய் இருமுகிறது.
இரண்டு வாளி, ஒரு பீப்பாய்.
எழுகிறேன்.