ஒட்டடை அடிக்காத வாரம்

அக்டோபர் கடைசியில்
பேரங்காடியில் எங்களுக்கு ஒரு புது உத்தரவு:
மூன்றாம் மாடிச் சிலந்தி வலையில்
துடைப்பம் படக்கூடாது.

பதினொரு வருடமாக
வலையைக் கண்டால் அடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
இப்போது மேலாளரே ஏணி போட்டு ஏறி
ஒட்டிக்கொண்டிருக்கிறார்,
பொட்டலம் இருபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

பள்ளி விட்டு என்னைத் தேடி வந்த லோஷினி
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
எட்டு வயதிலேயே அது பழக்கம்,
பொருளுக்கு முன்னால் விலை.
"அம்மா, இது நம்ம வீட்டுல சும்மாவே இருக்கே?"

இருந்தது.
காற்றாடிக்கு மேலே, அலமாரிக்குப் பின்னே,
குளியலறை மூலையில் நாலு தலைமுறையாய்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் வலை.
சரி, இந்த வாரம் ஒட்டடை அடிக்க மாட்டேன் என்றேன்.
என் பங்கு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தீபாவளிக்கென்று மைலோ டின்னில் சேர்த்ததில்
பன்னிரண்டு வெள்ளி எடுக்கலாம் என்றார் அவர்.
அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.
அந்த டின்னைக் குலுக்கினால் எப்படிச் சத்தம் வரும் என்று
நாலு பேருக்குமே மனப்பாடம்.

சௌகிட்டில் சந்தை கலையும் நேரம் போனால்
அடிபட்ட பரங்கிக்காய் பாதி விலை.
அழுகின பக்கத்தையே வாயாக வெட்டினார்.
கண் இரண்டும் ஒரே அளவில் அமையவில்லை.
புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்குத்
தூரத்து உறவு மாதிரி முழித்தது.
சதை அன்றைக்கே குழம்பு.
விதையை உப்புப் போட்டு வறுத்தேன்.
பேயின் பல் என்று சொல்லிச் சொல்லி மென்றான் ஹர்வின்,
"இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க வேலை" என்று
காலையில் சொன்னவன்.

அவனுக்குச் சின்னதாகிப்போன பள்ளிச் சட்டையில்
பழைய செய்தித்தாளைத் திணித்து
தலையில்லாத ஆளாக நாற்காலியில் உட்கார வைத்தோம்.
பையில் தைத்த பெயர் அப்படியே இருந்தது.
"தலை இல்லாட்டியும் நீதான்னு தெரியுது" என்றாள் தங்கை.

கதவில்தான் சிக்கல்.
மூன்று மாத வாடகை பாக்கி என்று
மாநகர மன்றம் ஒட்டிவிட்டுப் போன தாள்,
சிவப்பு எழுத்தில்.
நாலு பிள்ளைகள் வந்து போகிற நாளாயிற்றே,
ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன்.

"கிழிக்காதீங்கம்மா.
நம்மகிட்ட இருக்கறதுலயே அதுதான் ரொம்பப் பயமா இருக்கு."

அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா,
எனக்குப் பிடிபடவில்லை.
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.
பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து
கூரையிலிருந்த வலையைப் பஞ்சு மிட்டாய்போல் சுருட்டி
தாளின் நாலு மூலைக்கும் இழுத்துவிட்டார்.
குப்பைப் பையில் வெட்டிய வௌவால்கள்:
தொகையின் மேல் ஒன்று,
தேதியின் மேல் ஒன்று.

முப்பத்தொன்றாம் தேதி
மின்தூக்கி வழக்கம்போல் படுத்துவிட்டது.
பதினாலு மாடி ஏறி வந்த பிள்ளைகள்
உண்மையான பேய்களாகவே மூச்சு வாங்கினார்கள்.
ஆளுக்கு ஒரு முறுக்கு, ஒரு மிட்டாய்.

மக்சிக் ரோஸ்னா கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.
பரங்கிக்காயைப் பார்க்கவில்லை.
தாளைப் படித்துவிட்டு மலாயில் சொன்னார்:
"இந்தப் பேய் எங்க வீட்டுக்கும் வந்துச்சு."
கோடி வீட்டு ஆ லெங்கின் மகன்
ஓடிப்போய்த் தன் வீட்டுத் தாளைப் பிய்த்து வந்தான்,
இங்கேயே ஒட்டட்டுமா என்று கேட்டு.
ஒன்பது மணிக்கு எங்கள் கதவில் ஐந்து.
சின்னதுகள் பார்த்து வீறிட்டன.
பெரியவர்கள் சிரித்த சிரிப்பு
நடைபாதை முழுக்கக் கேட்டது, கொஞ்சம் கூடுதலாகவே.

நவம்பர் ஒன்று, காலை ஏழு.
எல்லாவற்றையும் பிய்த்தெடுங்கள் என்றார் மேலாளர்.
விலை கொடுத்த வலை சுவரைவிட்டு வர மறுத்தது,
கத்தி வைத்துச் சுரண்டினேன்.

வீடு திரும்பினால்
எங்கள் வலையில் ஒரு சிலந்தி,
வந்து ஒரு நாளாகியிருக்கும்.
தொகையின் மேல் வௌவால் இன்னும் இருக்கிறது.
மற்றது விழுந்துவிட்டது.
தேதி தெரிகிறது.