தரைத்தளம்

லாட்ஜ் வரவேற்பில் மூன்றடித் தொட்டி.
மேலே மோலிகள், நடுவில் பதினோரு நியான்,
கீழே யாருமில்லை.
ஒன்பது வருடமாய்ச் சாவி கொடுக்கிற கை இது.
ஒரு தளம் காலியாகக் கிடந்தால்
அரிக்கும்.

தோட்டப்பாளையத்தில் தஸ்தகீர் பாய் கடை.
"சக்கர் எட்த்துனு போக்கா. பாசிய நக்கிட்டே கெடக்கும்."
கிடக்கும்தான்.
முழ நீளம் வளர்ந்து, திரும்ப இடமில்லாமல்
ஒருநாள் கோட்டை அகழியில் போய் விழும்.
வேண்டாம் என்றேன்.
"நெருப்பு ஆரல்?"
சிவப்புக் கோடு, கூர்மூக்கு, அழகு.
ஆனால் நியான்களை எண்ணிப் பார்க்கிற கண்.
"அப்ப நண்டு?"
நண்டு ராத்திரி ஏறிவிடும் பாய்.
விடிந்ததும் எந்த அறைச் செருப்பில் என்று
மூன்று மாடி தேடணும்.

கடைசியில் ஒரு பாலிதீன் பையைத் தூக்கிக் காட்டினார்.
மஞ்சளும் கறுப்புமாய் நெளிகிற நாடாத் துண்டுகள்.
"கூலி லோச். ஒண்ணு நூத்தியிருவது."
கூலியா?
கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தேன்.
கீழ்நோக்கிய வாய், மீசை,
மணலை மென்று செவுள்வழி துப்புகிற பழக்கம்.
பாய், இது சட்டை போட்ட அயிரை.
"ஃபாரின் சட்டைக்கா," என்றார்.

மறுநாள் சதுப்பேரிக் கரையில் செண்டம்மா
கால் கிலோவுக்குக் கீழே தரமாட்டேன் என்றாள்.
ஆறு போதும்.
"ஆற வெச்சி இன்னா கொழம்பு வெப்பே?"
வளர்க்க என்று சொல்ல வாய் வரவில்லை.
கால் கிலோவுக்குக் காசு கொடுத்தேன்,
துள்ளுகிற ஆறைப் பொறுக்கிக்கொண்டேன்.

எம்-சாண்ட் ஆகாது. கூர்.
மீசை தேய்ந்தால் அயிரைக்குக் கை போன மாதிரி.
பக்கத்து வீடு கட்டி மிஞ்சிய பழைய ஆற்று மணல்
அரை பக்கெட் கிடைத்தது.
எட்டுத் தண்ணீர் அலசினேன்.
ஏழாம் எண் குளியலறைச் சாக்கடையில்
கொஞ்ச நேரம்
பாலாறு கலங்கலாய் ஓடியது.

இரண்டு வாரம் தனி வாளி.
மருந்து பாதியளவு; அதற்குத் தோல் மெல்லிசு.
பிறகு விட்டேன்.
விட்ட கணத்தில் ஆறும் மணலுக்குள்.

"அடியில ஒண்ணுமே இல்லியே மேடம்?"
வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.
ஆஸ்பத்திரி முடித்து வந்து
தொட்டிமுன் ஒரு நிமிஷம் நிற்பார்கள்,
வண்ணம் பார்ப்பார்கள், மாடி ஏறுவார்கள்.

கரண்ட் போன ஒரு சித்திரை ராத்திரி,
மோட்டார் நின்றிருந்தது.
இருநூற்றி நாலு, நிதாய் மண்டல்,
மனைவி ஐ.சி.யூ.வில்.
செல்போன் வெளிச்சத்தைக் கண்ணாடியில் வைத்து
குந்தி உட்கார்ந்திருந்தார்.
மணலில் இரண்டு கண்கள்.
இன்னொரு பக்கம் இரண்டு.
ஒன்று விருட்டென்று மேலே போய்
ஒரு வாய் காற்று வாங்கி இறங்கியது.
"குதும்!" என்றார்.
அயிரை, என்றேன்.
"குதும்," தலையாட்டினார்.
அவர்கள் ஊரில் கடுகு அரைப்பார்களாம் என்று
பிறகொருவர் சொன்னார்.
அன்று அவரும் சொல்லவில்லை,
புளி கரைப்பதைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

ஆறு விரல் காட்டினேன்.
அவர் நாலுதான் பார்த்தாராம்.
நானும்தான்.
நாலுக்கு மேல் ஒரே நேரத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

பதினேழு ராத்திரி உட்கார்ந்தார்.
நாலு. மூன்று. ஒருநாள் ஒன்றுமில்லை.
வராத விசிட்டர் பாஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே
இதற்கும் காத்திருந்தார்.
நான் டீ வாங்கி வைப்பேன். ஆறிவிடும்.

எனக்கு வார விடுப்பு. திங்கட்கிழமை வந்தேன்.
இருநூற்றி நாலு பூட்டியிருந்தது, சாவி ஆணியில்.
ரிஜிஸ்டரில் காலி செய்த நேரம் ஐந்து நாற்பது.
எத்தனை பேராகப் போனார்கள் என்று
பகல் ஷிப்டு ஜெபசீலிக்குத் தெரியவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
அவர் எழுத்தில் ஒரே ஒரு எண்,
சுருண்டு படுத்த அயிரை மாதிரி.

ஐந்தா ஆறா தெரியவில்லை.
முன்னூற்றி ஒன்றிலும் கல்கத்தாக்காரர்கள்தான்.
கேட்டால் சொல்வார்கள்.

விளக்கை அணைத்துவிட்டு
மணலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.