தகுதி என்ற கட்டம்

படிவத்தில் 'தகுதி' என்று ஒரு கட்டம்.
எட்டாவது என்று எழுதி, ஃபெயில் என்று சேர்த்தேன்.
மிச்ச இடத்தில் எழுத வந்ததை எழுதவில்லை:
கடல் பார்த்த ஜன்னலை உள்ளிருந்து ஆணியடித்துவிட்டு
பதினோரு மாதம்
ஒரு குரலோடு குடியிருந்தவள்.

செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்திலிருந்து டாக்டர் வருவார்.
நல்ல மனுஷி. மாத்திரையையும் குறை சொல்ல மாட்டேன்,
ராத்திரிக்கு நானும் ஒன்று போடுகிறேன்,
வெள்ளை, பாதியாக உடைத்தது.
ஆனால் வாரத்துக்குச் செவ்வாய் ஒன்றுதான்.
பாக்கி ஆறு நாளும்
சின்னப்பாலத்தில் விடியத்தான் செய்கிறது.

பிரிஸ்கில்லா வீட்டுக்கு முதல் தடவை போனபோது
அவள் அம்மா சொன்னாள், தூங்குறா.
இரண்டாம் தடவை, தங்கச்சிமடம் போயிருக்கா.
உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.
மூன்றாம் தடவை நான் எதுவும் கேட்கவில்லை.
வாசலில் கிடந்த பாசிச் சாக்கை அவிழ்த்து
கல்லைத் தனியாக, சிப்பியைத் தனியாகப்
பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
வெயில் இடம் மாறி என் முதுகுக்கு வந்தபோது
கதவிடுக்கிலிருந்து கேட்டாள்:
உங்களுக்குமா கேட்டுச்சு?

கேட்டது என்றேன். ஆம்பளைக் குரல்.
ரேஷன் கடைக்காரர் மாதிரி,
எந்நேரமும் என்னை எடை போட்டுக்கொண்டு
குறையுது, குறையுது என்பார்.

ரொம்ப நேரம் சத்தமில்லை.
பிறகு, எனக்குப் பொம்பளை, என்றாள்.
பாட்டு வாத்தியார் கணக்கா. முதல்லேருந்து, முதல்லேருந்து.

அன்றைய அறிக்கையில்
வழங்கிய ஆலோசனை: இல்லை.
செலவான நேரம்: ஒரு சாக்கு.

குருசடைத் தீவுப் பக்கம் பாசிக்குப் போகும்போது
ஜோடி போட்டுத்தான் முங்குவோம்.
ஒருத்தி முங்கினால் இன்னொருத்தி எண்ணுவாள்.
முப்பது, முப்பத்தொன்று.
இழுத்து மேலே போடுவது அவள் வேலையில்லை.
நாற்பதைத் தாண்டினால்தான் கை நீளும்.
அந்தப் பாறையில் தானும் விரல் கிழித்தவள்தான் எண்ண வேண்டும்.
கரையில் நிற்பவருக்கு
பத்தாவதிலேயே பயம் வந்துவிடும்,
இல்லாவிட்டால் நூறு ஆனாலும் வராது.

சனிக்கிழமை ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் கூடுகிறோம், ஏழு பேர்.
'பயனாளிகள் சந்திப்பு' என்று ஆபீஸிலிருந்து பேனர் வந்தது.
சீனி முகம்மது அதைத் திருப்பிப்போட்டு
எழுத்து வானத்தைப் பார்க்க
வெயிலுக்குக் கட்டினார்.
விசைப்படகு டிரைவர். இரவு முழுதும் என்ஜினைத் தனியாக ஓட்டியவருக்கு
வீட்டில் மின்விசிறி நின்றால் மூச்சடைக்கும்.
அது என்ன வியாதி என்று யாரும் கேட்பதில்லை.
கரண்ட் போனால்
யாராவது ஒருவர் அவர் வீட்டுப் பக்கம் நடக்கிறோம்.
யார் போவது என்று முடிவு செய்வதும் நாங்கள்தான்.
சில நாள் சண்டையும் வரும்.
முத்துராக்கு கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை;
எதற்கென்று இன்னும் தெரியாது.

சம்பளம் மாதம் மூவாயிரம். மூன்று மாதம் பாக்கி.
அன்பாகச் செய்வதற்குக் காசு எதற்கு என்று ஒருவர் கேட்டார்.
அன்புக்கு அரிசி யார் போடுகிறார்கள் என்று கேட்டேன்.
டாக்டர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

தை மாதம், வாடைக்காற்று ஓயாத ஒரு காலையில்
ரேஷன் கடைக்காரர் திரும்பி வந்தார்.
பையை ஆணியில் மாட்டினேன். கதவைச் சாத்தினேன்.
மாத்திரை போட்டேனா என்று எண்ணிப் பார்க்க
அட்டை கைக்கு எட்டவில்லை.

இரண்டு நாள்.
மூன்றாம் நாள் வாசலில்
சாக்கு அவிழ்கிற சத்தம்.
கதவைத் தட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.
ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன்,
பிரிஸ்கில்லா, முக்காட்டோடு.
கை ஓடுகிறது, ஆனால் பிரிப்பது எல்லாம் தப்பு.
பொறுக்க முடியாமல் உள்ளிருந்தே கத்தினேன்:
அடி, அது கட்டக்கோரை!
அதைப் போய் மரிக்கொழுந்தோட போடுறியே!

தலை நிமிரவில்லை அவள்.
எனக்கெங்க தெரியும், என்றாள்.
வந்து காட்டுங்க.