பிறந்த இடம்

ஹோமா பே ஆஸ்பத்திரி விளக்கு அதோ தெரிகிறது.
எங்களுக்கும் அதற்கும் நடுவே
சாயங்காலம் இல்லாத ஒரு நிலம்.

ஆகாயத்தாமரை.
என்ஜின் இருமி நின்றது.
விசிறியில் வேர், வேரில் சேறு,
சேற்றில் எதுவோ நெளிந்தது.
நான் டார்ச்சை அந்தப் பக்கம் அடிக்கவில்லை.
படகில் தண்ணீர் இறைப்பது என் வேலை.
அன்றைக்கு இறைக்கவும் தண்ணீர் இல்லை.

அதேரோ துடுப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.
மீன்காரி அகுட்டு
செதில் உரிக்கும் கத்தியை நெருப்பில் வாட்டினாள்.
விடியுமுன் பெண்.

நஞ்சுக்கொடியை வீட்டு மண்ணில் புதைக்கவேண்டும்.
உன்னுடையது எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்டால்
நீ எந்த ஊர் என்று எங்களுக்கு அர்த்தம்.
வெயில் ஏறியது. ஈ வந்தது. வேறு யாரும் வரவில்லை.
அகுட்டு அந்தப் பச்சையைக் கையால் விலக்கி
வேர்களுக்குள் அதைச் செருகினாள்.
மேலே நாலைந்து ஊதாப் பூ,
ஒன்றும் நடக்காததுபோல.

அப்புறம் பெயர்.
மழையில் பிறந்தால் அகோத், வழியில் பிறந்தால் அயோ.
"வழியா? வழி இருந்தால் இங்கே ஏன் கிடக்கிறோம்?"
என்றான் படகுக்காரன் ஒக்வாங்.
இந்தச் செடிக்கு எங்கள் பாஷையில் சொந்தப் பெயர் கிடையாது.
ஏரிக்கு அது வந்ததே நேற்றுதான்.
வேறு வழியில்லாமல் அயோ என்றே வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காற்று திரும்பிற்று.
நிலம் முழுசாக,
மேலே நின்ற கொக்குகளோடும்
யாரோ தொலைத்த வலையோடும்
மேற்கே கிளம்பிப் போய்விட்டது.

அவளுக்கு இப்போது பதினொன்று.
பரீட்சை விண்ணப்பத்தில் 'பிறந்த இடம்' என்றொரு கோடு.
'ஏரி' என்று எழுதினாள்; வாத்தியார் அடித்துவிட்டார்.
'இந்நேரம் உகாண்டா போயிருக்கும்' என்று எழுதினாள்;
அதற்கு அவளுக்கே அடி விழுந்தது.

எனக்கு இப்போது கவர்ன்மென்ட் கூலி.
கொக்கிக் கம்பால் செடியை இழுத்துக் கரையில் குவித்தால்
நாளுக்கு ஐநூறு ஷில்லிங்.
பள்ளி விட்டதும் குவியலருகே வந்து நிற்பாள்.
வேரைப் புரட்டிப் பார்ப்பாள்.
நத்தை. ஒற்றைச் செருப்பு. சோடா மூடி.
என்ன தேடுகிறாய் என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒருநாள்
பெரிதாக ஒன்று வந்து கரையை அடைத்து நின்றது.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அதன்மேல் ஏறினாள் அயோ.
முழங்கால்வரை அமிழ்ந்தது. நின்றாள்.
பதறிப்போய்க் கம்பை நீட்டினேன்.
பிடிக்கவில்லை.
"கொஞ்சம் இருங்க. ஊருக்கு வந்திருக்கேன்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு அரைநாள் கூலிதான்.