கிளிப்பச்சை

உரும்பிராய். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை.
பத்தடி வெட்டியதும் கல் பிளந்து கிடக்கிறது,
ஒரு கை உள்ளே போகும் அகலத்தில்.
ஜேசிபிக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
என் முகத்தைப் பார்க்கிறான்.
வரைபடத்தில் இந்த இடம் மலக்குழி.
வரைபடத்தில் கல்லுக்கு வெடிப்பு இல்லை.

சூரிச்சிலிருந்து முதலாளி:
"கூரை முழுக்கச் சோலார் போடுறம்.
பசுமைக் கட்டடம் எண்டு பலகையும் நட்டாச்சு.
ஒரு குழிக்கு ஏன் தங்கச்சி இவ்வளவு கதை?"

மூடிய தொட்டி. பதினெட்டு லட்சம். பதினொரு நாள்.
சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.
கம்பி எண்ண, சீமெந்து எண்ண,
ஆள்நாள் எண்ணப் படித்திருக்கிறேன்.
பணம் கொடுப்பவன் மௌனமானால்
எதுவரை எண்ணுவது என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.
ஒன்பதில் அவர் போனை வைத்தார்.

வேலிக்கு அங்கால் தவநேசனின் கிணறு.
எழுபத்திரண்டு அடி;
நாடாவின் மறுமுனையைப் பிடித்தது மேசன் கிங்ஸ்லி.
முதலில் தண்ணீர் பவுசருக்குச் சொன்னேன்.
பிறகுதான் சாயப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
அந்த வரிசை முக்கியம்.

"நாளைக்கு உங்கட தண்ணி நிறம் மாறலாம்.
மாறாட்டில் எனக்குத்தான் வெக்கம்."
ஒரு கிளாசில் கரைத்து அவர் முன்னாலேயே குடித்தேன்.
பல்லெல்லாம் பச்சை.
தவநேசன் சிரிக்கவில்லை.
"வெங்காயம் நட்டு ஆறு நாள்," என்றார்,
"பவுசர் எத்தினை மணிக்கு வரும்?"

பின்னேரம் மூன்றுக்கு ஊற்றினோம்.
வெடிப்பு மடமடவென்று குடித்தது,
நாள் முழுக்க வெயிலில் நின்ற கூலியாளைப் போல.

விடிய ஐந்து பத்துக்குப் போன்.
தவநேசனின் மகள்:
"அக்கா, கிணறு கிளிப்பச்சை!"
பயமா சந்தோசமா, குரலில் தெரியவில்லை.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.
என் கணக்குச் சரியாக வந்ததற்காக
அரைக் கணம் மகிழ்ந்தேன். அதை ஒளிக்க மாட்டேன்.
அதற்குள் தவநேசன் பக்கத்தில் வந்து நின்றார்.
இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
இது சாயம். குழி நிறைந்த பிறகு வந்திருந்தால்
நிறம் இருந்திருக்காது.

படத்தைச் சூரிச்சுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு.
மத்தியானம்வரை வேறெதுவும் இல்லை.
பிறகு ஒரு வரி:
"தொட்டிக்கு ஓடர் குடுங்கோ."
பலகையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும்.

அட்டவணையில் பதினொன்றை வெட்டிப்
பன்னிரண்டு என்று எழுதினேன்.
கூடின ஒரு நாள்
தவநேசன்ர கிணறு இறைக்க.