அரைப்புள்ளி

மத்திய வீதியில் பிளெக்ஸ் அடிக்கிற கடையில்
எனக்கு ஒரு மவுசும் ஆடுகிற கதிரையும்.
பங்குனி முதல் கிழமை
ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள்.

கடித்த பழத்தை விற்கிற அஸ்மீர்
கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.
பத்துக்கு இருபதடி, முழுக்க வெள்ளை,
ஓரத்தில் ஒரு கீற்றுக் கடல்,
நடுவில் லப்டொப், மெல்லிசாய்,
கீழே இரண்டே சொல்:
நீங்கள். வேறு.
விலை போடவா என்றேன்.
விலை கேட்கிறவர் வாங்கமாட்டார் என்றார்.
வெறுமைக்கும் சதுர அடி நூற்றெண்பதுதான்,
அதை மட்டும் சொல்லிவைத்தேன்.

யன்னலை விற்கிற தவநேசன்
கொப்பித் தாள் நாலு நிறைய எழுதிவந்தார்.
ராம் எட்டு, பை இலவசம், மவுஸ் இலவசம்,
வைரஸ் காவல் ஒரு வருசம்,
ஆசிரியருக்குத் தவணை, தாதிமாருக்கும் தவணை,
மூலையில் ஒரு நட்சத்திரம் வெடிக்கவேண்டும்
அதற்குள்ளே விலை,
பின்னால் கடல்.
இடமில்லை அண்ணன் என்றால்
எழுத்தைச் சின்னதாக்கு தங்கச்சி என்கிறார்.

என்னிடம் இருந்த கடல் ஒன்றுதான்,
நிலாவெளியில் போனில் எடுத்தது.
ஒருவருக்கு நேராக வைத்தேன்,
மற்றவருக்கு இடம்வலம் புரட்டி.
சந்தியில் எதிரெதிரே ஏறியபிறகுதான் கண்டேன்,
இரண்டு கரையிலும் ஒரே நாய்
தன்னைத்தானே முறைத்துக்கொண்டு.

இரண்டையும் செய்தது
சும்மா இறக்கின பென்குயினில்.
அதற்கு இந்த ஊரில் யாரும்
ஒரு துண்டுப் பேப்பர்கூட அடித்ததில்லை.

ஆட்டோக்காரர் வெள்ளைப் பலகையை
வாய்விட்டுப் படித்தார்கள்: நீங்க வேற!
கோட்டைப் பக்கத்து மான்கள்
கீழே ஒட்டியிருந்த ரியூசன் நோட்டீஸைத் தின்றுவிட்டு
பிளெக்ஸை மோந்துபார்த்து விட்டுவிட்டன.

மூன்றாம் நாள் யோகமலர் வந்தாள்,
திருக்கடலூர் மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
திறப்புக் கோர்வையில் பென்டிரைவ்.
"ரெண்டு போர்டும் நீங்கதானே செஞ்சது?
எங்கட பெட்டி உப்புக்காத்தில செத்துப்போச்சு.
எதில பாமினி திறக்கும்?"

இருபதடிப் பலகை இரண்டிலும்
இல்லாத கேள்வி.

பன்னிரண்டு வருசக் கடன்,
வலை, மண்ணெண்ணெய், எஞ்சின்,
எல்லாம் பாமினியில் தட்டினது.
அஸ்மீர் கடையில் திறந்து காட்டினார்களாம்,
பெயரெல்லாம் இங்கிலீசு உமி.
தவநேசன் கடையிலும் அதே உமி,
கூட ஒரு பை.

என் பென்குயினில் போட்டேன். அங்கேயும் உமிதான்.
சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும்
பூனை நடந்த விசைப்பலகை மாதிரி.
மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருந்த இடத்தில்
பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி
குந்திக்கொண்டிருந்தது.

மரண அறிவித்தல் அடிக்கவென்று
அந்தப் பழைய எழுத்துரு எங்கள் கடையில் கிடந்தது.
ஒரு நிமிச வேலை.
அரைப்புள்ளிகள் எழும்பித் தலையில் ஏறின.
சவரிநாயகம், வலை, நாற்பதாயிரம்
என்றது திரை.
"கட்டிட்டார்" என்றாள் யோகமலர்,
வெள்ளியைத் தட்டிப் பார்க்கிறவள்போலத்
திரையை நகத்தால் தொட்டு.

எழுத்துருவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொடுத்தேன்.
எதை வாங்க என்று திரும்பவும் கேட்டாள்.
எது மலிவோ அது,
உப்பு எல்லாத்தையும் ஒரே மாதிரித்தான் தின்னும் என்றேன்.
இரண்டு முதலாளிமாரும்
என் வாடிக்கையாளர் என்பது
சொன்னபிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆனியில் கச்சான் காற்று
இரண்டு பலகையையும் ஒரே இரவில் கிழித்தது.
திருக்கடலூர்க் கரையில் இப்போது
ஒரு எஞ்சினுக்கு மேல் அந்த விலையுயர்ந்த வெள்ளை,
மீன் பெட்டிக்கு மேல் வெடித்த நட்சத்திரம்.
நாய்களைக் காணவில்லை.

அஸ்மீர் நேற்று வந்தார்,
அடுத்ததற்குக் கடல் வேண்டாமாம், மலை வேண்டுமாம்.
தவநேசனும் போனில் அதையே சொன்னார்.

என்னிடம் மலை ஒன்றுதான் இருக்கிறது.